அந்த மதியம் யாருடையது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு பெண் ஃபோன் செய்தாள். வேறொரு கம்பெனியின் ஆள் சேர்க்கும் பிரிவிலிருந்து. சீனியர் இன்ஜினியர் வேலை, இரண்டு வாரத்தில் இன்டர்வியூ, வர முடியுமா? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பிராஜெக்டை வருடக் கடைசியில் மூடப்போகிறார்கள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் மட்டும், “எனக்கே ஒண்ணும் தெரியாதுப்பா” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நாற்பத்திரண்டு வயதில் மறுபடி பரீட்சை.

மார்ச் 5, வியாழன்

இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன். தகவல்களை மரம்போலக் கிளைகிளையாக அடுக்கி, அந்த மரத்தை இடவலமாகத் திருப்பும் புரோகிராம். இத்தனை வருட வேலையில் யாரும் என்னை மரத்தைத் திருப்பச் சொன்னதில்லை. ஆனால் இன்டர்வியூ என்றால் மரம் திரும்பியே ஆக வேண்டும். தாள் தாளாகக் கிழித்தேன். கடைசியில் திரும்பியது. அப்பாடா.

மார்ச் 8, ஞாயிறு

இன்டர்வியூவில் இந்த மாதிரிப் புரோகிராம் கணக்கு பாதிதான். மீதி, ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ வகைக் கேள்விகள். அக்காவைக் கேட்கச் சொன்னேன். அவள் பிசியோதெரபிஸ்ட். வலிக்கிற இடம் எது என்று அமுக்கி அமுக்கிக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில்.

“நெருக்கடியில நீங்க எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க.”

“எங்க டீம்ல ஒரு தடவை...”

“டீம் கிடக்கட்டும். நீ என்னடி பண்ணே?”

“நாங்க எல்லாரும் சேந்து...”

“நீ என்னடி பண்ணே?”

சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நான் எழுதிய புரோகிராம் எதுவும் உடைந்ததில்லை. அதனால் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லை. இதை எப்படி ஒரு பதிலாக மாற்றுவது?

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் இன்று ஒரு கதை சொன்னேன். மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் கதை.

போன வருடம் நடந்தது. எங்கள் மென்பொருளில்தான் ஒரு பெரிய மருத்துவமனை நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குகிறது. புது மாற்றம் போட்ட அன்று காலையிலிருந்து ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பதிவாகிக்கொண்டிருந்தார்கள். “பழைய நிலைக்கே கொண்டு போயிடுங்க, உடனே!” என்று மேனேஜர் கத்தினார். கொண்டு போயிருந்தால் அன்று காலை பதிவான அத்தனை பேரும் சுவடில்லாமல் அழிந்திருப்பார்கள். ஒரே ஒருவர் எழுந்து, “யாரும் கை வைக்காதீங்க” என்றார். காலைப் பதிவுகளை முதலில் தனியே பிரித்தெடுத்தார். அதன்பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பினார். மதியம் முழுக்க ஆயிற்று. ஒரு நோயாளிகூட விடுபடவில்லை.

அந்த ஒருவர் தாத்தா. என் பக்கத்து இருக்கைக்காரர். என்னைவிடச் சின்னவர், தலை மட்டும் முழு வெள்ளை. அதனால் ஆபீஸே வைத்த பெயர்.

அக்காவிடம் சொன்னபோது ‘தாத்தா’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘நான்’ வந்துவிட்டது.

“இதை ஏன்டி இவ்வளவு நாள் சொல்லல?” அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது? ஒத்திகைதானே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்டர்வியூ முடிந்தது. மரம் கேட்கவே இல்லை!

மேசைக்கு எதிரே ஒரு ஆணும் ஒரு பெண்ணும். நெருக்கடியில் எடுத்த முடிவு கேட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் கதையை ‘நாங்கள்’ என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக. அந்தப் பெண் குறுக்கிட்டாள்: “அதுல உங்க பங்கு என்ன?” வாய் முந்திக்கொண்டது. நான் எழுந்தேன், நான் தடுத்தேன், நான் பிரித்தேன். மேனேஜரின் குரல் நடுங்கியதைக்கூடச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

மார்ச் 18, புதன்

நானும் அங்கே இருந்தேன் அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்து பதிவு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னது நான்தானே? அது ஒன்றுமே இல்லையா?

எதற்கு எனக்கே வக்கீல் வைத்துக்கொள்கிறேன்?

மார்ச் 24, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. அக்கா ஐஸ்கிரீம் வாங்கி வந்து, டப்பாவோடு கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மதியம் காபி மெஷின் பக்கத்தில் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிட சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் அங்கதான் போட்டிருக்கேன். இன்னொரு இடம் காலியாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. என்னெல்லாம் கேட்டாங்க?” என்றார்.

காபியை மெஷின் மேலேயே வைத்துவிட்டேன்.

“அந்த அப்பாயின்ட்மென்ட் விஷயம் வேண்டாம். பழசு. வேற ஏதாவது புதுசா சொல்லுங்க,” என்றேன்.

“எங்கிட்ட சொல்ற மாதிரி அது ஒண்ணுதாங்க இருக்கு,” என்று சிரித்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே. அவர் சிரித்து முடிப்பதற்குள்.

ஏப்ரல் 1, புதன்

தாத்தா இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தார்.

“நல்லாத்தான் போச்சு. அந்தக் கதையச் சொன்னப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம், கூட யார் இருந்தாங்கன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். கெட்டிக்காரங்க, பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்னு சொன்னேன்.”

ஐயோ.

ஏப்ரல் 3, வெள்ளி

அவருக்கு அந்த வேலை இல்லையாம். காரணம் சொல்லவில்லையாம். “பரவால்ல, இதுவும் அனுபவம்தானே” என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சேர வேண்டிய தேதியைப் பேச, முதலில் கூப்பிட்ட அந்த ஆள் சேர்க்கும் பிரிவுப் பெண் ஃபோன் செய்தாள். முடிக்கும்போது, “உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தார் மேடம். நீங்க பண்ணதையே, தான் பண்ணதா சொல்லியிருக்கார். தலையெல்லாம் நரைச்ச மனுஷன்! எப்படித்தான் மனசு வருதோ” என்றாள்.

நான் என்ன சொன்னேன்? “அப்படியா” என்றேன்.

அப்படியா! நாக்கு எப்படித்தான் புரண்டதோ. ஒரு நல்ல மனிதனைத் திருடன் என்கிறார்கள், நான் ‘அப்படியா’ என்கிறேன். நான் என்ன பிறவி?

ஏப்ரல் 8, புதன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம். சலவைத் துணியை மடித்து முடித்தாள். கடைசித் துண்டை வைத்துவிட்டு, “எங்கிட்டயுமாடி?” என்று மட்டும் கேட்டாள். பிறகு என் ஃபோனைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

கூப்பிட்டேன். ஆள் சேர்க்கும் பிரிவுப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். “இதை அப்படியே எழுதி அனுப்பிடுங்க” என்றாள். இந்த முறை ‘மேடம்’ இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சரிதான். ஆனால் தாத்தாவுக்கு? அந்த இன்னொரு இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டதாம். வருந்துகிறார்களாம்.

படிக்கட்டில் நிறுத்தி அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அப்ப அவங்க என்னைத்தான் பொய்யன்னு நெனச்சிருக்காங்க.”

“மன்னிச்சிடுங்க.”

“நான் உங்களப் பத்தி நல்லவிதமா சொன்னேங்க.”

கோபம் இல்லாமல், ஏதோ தகவல் சொல்வதுபோலச் சொன்னார். இறங்கிப் போய்விட்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

தாத்தா ஜன்னல் பக்கத்து வரிசைக்கு இருக்கையை மாற்றிக்கொண்டார். வெளிச்சம் வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னாராம்.

மே 6, புதன்

வேலை விஷயம் என்றால் தாத்தா எழுதி அனுப்புகிறார். மரியாதையாக, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து. முன்பெல்லாம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். அந்தச் சக்கரம் கிறீச்சிடும்போது எத்தனை தடவை எரிச்சல்பட்டிருப்பேன்.

மே 21, வியாழன்

ஒரு சின்னக் கம்பெனியில் இன்டர்வியூ. முதலாளியே கேள்வி கேட்டார், நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். நெருக்கடியில் எடுத்த முடிவு? எடுத்தது நானில்லை, எடுத்தவரைப் பார்த்தேன் என்றேன். அந்த மதியத்தைச் சொன்னேன். இந்த முறை யார் எழுந்தாரோ அவர்தான் எழுந்தார்.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“பக்கத்துல உக்காந்து நம்பர் படிச்சேன். தப்பில்லாம படிச்சேன்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த மனுஷன் ஃபோன் நம்பர் கிடைக்குமா?” என்றார்.

கொடுத்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சிரிப்பும் வந்தது, கண்ணிலும் முட்டியது.

ஜூன் 2, செவ்வாய்

எனக்கு அந்தச் சின்னக் கம்பெனியிலிருந்து ஃபோன் வரவில்லை. இனி வராது.

மாலை, தாத்தாவிடமிருந்து செய்தி. “ஒரு கம்பெனில இருந்து கூப்பிட்டாங்க. நீங்க சொன்னீங்களாம். அடுத்த மாசம் சேரச் சொல்றாங்க.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. காத்திருந்தேன். காட்டுவது நின்றுபோயிற்று.

“நல்லது” என்று அனுப்பினேன். உடனே படித்துவிட்டார்.

அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள், “யாருடி?”

“ஆபீஸ்ல ஒருத்தர்” என்றேன்.