கிளட்ச் மிதிக்கிற கால்

அன்புள்ள அண்ணாவுக்கு, வாராவாரம் போனில் பேசுகிறோம், இதில் கடிதம் வேறு எதற்கு என்று நினைப்பாய், கோபித்துக்கொள்ளாதே. அப்பா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இஞ்சின் விஷயத்தை நிதானமாகச் சொல்லணும், போன்ல பாதியிலயே கட்டாயிடுது, படிச்ச பொண்ணுதானே, எழுது என்று அதட்டினார். உன்னோடு வேலை செய்பவர் லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இனி அப்பா சொல்வது.

தம்பிக்கு அப்பா எழுதுவது. அம்மா, தங்கச்சி, நான் எல்லோரும் சுகம்தான், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். டிராக்டருக்குத்தான் சுகமில்லை. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், முனைகளைச் சுரண்டிப் பார்த்தேன், பக்கத்து வயல்காரர் பேட்டரியை வாங்கி மாட்டியும் பார்த்தேன், அதற்கும் அதே டக்தான். உங்கம்மா வழக்கம்போல, மூத்த சம்சாரம் கோச்சிக்கிட்டாளா, கொஞ்சிப் பாருங்க என்று நக்கலடித்தாள். உழவு பாதியில் நிற்கிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, எனக்குப் பொறுக்கவில்லை. நீ இங்கே இருக்கும்போது செய்வாயே, சீட்டில் ஏறாமல் கீழே நின்றே ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்ப்பது, அதையே செய்தேன். பொறி பறந்தது, இஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரில் கிடந்ததை நான் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. பெரிய சக்கரம் இடது காலில் லேசாக ஏறி இறங்கியது, பிறகு மோட்டார் கொட்டகைச் சுவரில் முட்டி அணைந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியதோடு சரி, ரேடியேட்டர் தப்பித்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற மெல்லிய வயரின் முனையில் களிம்பு பூத்திருக்கிறது, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் போதும் என்கிறான். அவ்வளவு பெரிய வண்டியை இத்தனூண்டு களிம்பா நிறுத்தும்? நான் கைவைக்க விடவில்லை. அவன் சொல்வது சரியா, நீ சொல்லு. உன் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. நீ ஒரு குறையுமில்லாமல் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அங்கே மிஷின் ஓடும்போது உள்ளே கையை விடாதே, மறக்காதே. இப்படிக்கு, உன் அப்பா.

அண்ணா, கையெழுத்துப் போட்ட அசதியில் அப்பா தூங்கிவிட்டார். இது நான் எழுதுவது. லேசாக ஏறவில்லை. பாதம் முழுக்க நசுங்கிவிட்டது. விரல்கள் கறுத்து, அந்தக் கறுப்பு இப்போது கணுக்காலுக்கு வந்திருக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவரோ நர்ஸிடம், வெறும் பஞ்சர்தான் சிஸ்டர், ஒட்டிடுவீங்கல்ல என்று சிரிக்கிறார், தலையணை மட்டும் வியர்வையில் நனைந்துகிடக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் நொண்டி என்று சொல்லுமே என்பதற்காக இல்லை. இடது காலை எடுத்துட்டா நான் கிளட்சை எதால மிதிக்கிறது, அதுக்குப் பேசாம உயிரையே எடுத்துக்கோங்க என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அம்மா அழுது பார்த்தாள். ஆள் வைத்து ஓட்டலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன், உன் புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கா என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ போன் செய்கிற அன்றைக்கும் அவரே வாங்கிப் பேசி, கால்ல லேசான அடிதான், எல்லாம் சரியாயிடுச்சு என்று வைத்துவிடுகிறார்.

நேற்று பார்க்க வந்த மெக்கானிக்கை வராந்தாவில் நிறுத்தி, கிளட்சைக் கையால் இழுக்கிற மாதிரி லீவர் வைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. தாராளமா வைக்கலாம்மா, ஆனா நான் சொன்னா உங்கப்பா என்னையத் தூக்கி வெளியில போட்டுடுவாரு, அவருக்கு மவன் சொன்னாத்தான் வேதம் என்றார்.

உன்னிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உன் கம்பெனியில் போனை வாரத்துக்கு ஒரு நாள்தான் தருவார்களாமே, மேலாளரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டியாவது இது கிடைத்த அன்றே வாங்கு. அப்பாவிடம் பேசு. காலைப் பற்றிக் கேட்காதே, அழாதே. கிளட்சுக்குக் கை லீவர் செய்யப்போகிறேன், சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டும் கேள்.