சுவரோடு போன மல்லிகை

12-ஆம் நாள், செவ்வாய்

காலையிலிருந்து மழை. சரசுவின் பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமை. பாக்கி வேலை: பூசாரி, சாப்பாடு, நினைவு அட்டை. பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கடைப் பெண் போனில், “ஆன்ட்டி படத்துல பேக்கிரவுண்ட் எடுத்துட்டுக் குடுங்க அங்கிள். நாங்க செஞ்சா லேட் ஆகும் லா.” செராஸிலிருந்து மகள் கவிதா, நான் செய்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பெண்டாட்டிக்குச் செய்யும் கடைசி வேலை. இதையுமா இன்னொருத்தர் தலையில் கட்டுவது?

எந்தப் படம் என்பதில் சந்தேகமே இல்லை. போன வருஷம் கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டப வாசல், வெள்ளைச் சுவர். சரசுவுக்குக் காதோரத்திலிருந்து தோள்வரை மல்லிகை. முப்பத்தோரு வருஷத்தில் நானாக வாங்கிக் கொடுத்த பூ அது ஒன்றுதான். “என்னாச்சு உங்களுக்கு, காய்ச்சலா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் போனில் எடுத்தேன்.

13-ஆம் நாள், புதன்

வெயில். கவிதாவின் பழைய லேப்டாப். சுவர்மேல் ஒரு கிளிக், அப்புறம் டிலீட். சுவர் போய்விட்டது. அந்த இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக. அப்படி வந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

இரண்டு படம் இருந்தால் கடையில் தப்பானதை எடுத்துவிடுவார்கள். பழைய நகலை வைத்துக்கொள்வதில்லை, ஆபீஸ் பழக்கம். லேப்டாப்பிலும் போனிலும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். மாத்திரை சாப்பிடவில்லை.

14-ஆம் நாள், வியாழன்

கடைக்குப் போனேன். ரவாங்கிலிருந்து அக்காவும் வந்திருந்தார். அந்தப் பெண் நீல அட்டைமேல் படத்தை வைத்துக் காட்டினாள். சரசு தலையில் பூ இல்லை. பூ இருந்த இடத்தில் நீலம். சுவரும் வெள்ளை, பூவும் வெள்ளை. சேர்த்து அழித்திருக்கிறேன். கட்டங்களுக்கு நடுவில் பூ போனது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, “பூவும் பொட்டுமா போனவடா அவ. நீ இருக்கும்போதே பூவ எடுத்துட்டியே.”

பழைய படம் இருக்கா என்று கடைப் பெண் மூன்று தடவை கேட்டாள். கவிதாவுக்குப் போன் போட்டேன். அவளிடமும் இல்லை. ஏன் கேட்டேன் என்று சொல்லவில்லை. யாருக்கும் அனுப்பாமல் நானே வைத்திருந்த படம். முட்டாள். படுமுட்டாள்.

வேறு படத்தில் யாரோ வைத்த பூவை வெட்டி ஒட்டிவிடலாம், வித்தியாசம் தெரியாது என்றாள் கடைப் பெண். அக்கா சரி என்றார். நான் வெளியே வந்து நின்றேன். திரும்ப மழை.

16-ஆம் நாள், சனி

காரியம் முடிந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. எல்லாருக்கும் அட்டை கொடுத்தாயிற்று. லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். அக்காவுக்கும் திருப்தி. நான் அட்டையைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

பாத்திரம் கழுவிவிட்டுக் கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அட்டை. கட்டைவிரலால் பூவைத் தடவிக்கொண்டே, “இதானாப்பா நீங்க வாங்கிக் குடுத்த பூ? அம்மா அன்னைக்கே போன் போட்டுச் சொன்னாங்க.”

ஆமாம் என்றேன்.