நூலகத்து ஆவி

நவம்பர் 3, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். விழித்துக்கொண்டால் நான் தொலைந்தேன்.

இன்று வகுப்பில் பக்கத்து பெஞ்சு வாயாடி எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏய், உங்கம்மா பேயோட சேர்ந்துதான் வேலை பாக்குறாங்களாமே? உங்கம்மா லீவு போட்டா யாரு பாத்துக்கறது, பேயா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இல்லாவிட்டால் விடமாட்டாள்.

அம்மா நூலகர். நூலகத்தைச் சாத்தின பிறகு பின்னறையில் ஏதோ முனகுகிறதாம். பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு உருவம், தலையே இல்லாமல் குனிந்து உட்கார்ந்திருக்கிறதாம். எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் பார்த்தாராம்.

அம்மாவிடம் சொன்னேன். "பேய்தானே? உறுப்பினர் அட்டை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள். பாதிச் சாப்பாட்டிலேயே கைகழுவிவிட்டுப் படுத்துவிட்டாள்.

நவம்பர் 5, புதன்

மழை. வாசிப்பறையில் நானும், செய்தித்தாள் படிக்க வரும் பென்ஷன்காரரும் மட்டும். இருட்டத் தொடங்கியதும் அவரும் குடையை எடுத்தார். "பயமெல்லாம் இல்லம்மா. முட்டி வலி" என்றார். யாரும் கேட்கவே இல்லை.

அம்மா வழக்கம்போல என்னை முதலில் அனுப்பினாள். "நீ முன்னாடி போ. நான் புத்தகத்தை அடுக்கிட்டு வரேன்."

எதை அடுக்கப்போகிறாள்? யாரும்தான் எடுக்கவே இல்லையே.

நவம்பர் 6, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன். அடுத்த வியாழன் பெரிய அதிகாரி வருகிறார். ஆள் வராத நூலகம் எதற்கு, மூடிவிடலாமா என்று பார்க்கத்தான்.

அம்மாவுடையது தற்காலிக வேலை. இந்த வருடம்தான் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. நூலகமே இல்லையென்றால் எதில் நிரந்தரம்? எங்களுக்கென்று வேறு யாரும் இல்லை.

பாழாய்ப்போன பேய். வேறு இடமே கிடைக்கவில்லையா அதற்கு?

நவம்பர் 7, வெள்ளி

அது வீட்டுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

விளக்கை அணைத்த பிறகு மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. நிற்கும், திரும்ப வரும். ஜன்னல் பக்கம் என்று நினைத்தேன். இல்லை. அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அய்யோ, அம்மாவையே பிடிச்சிடுச்சா? எழுப்பலாமா? எழுப்பினா அம்மா முழிப்பாளா, அது முழிக்குமா?

காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். இப்போதும் கேட்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

துணி மடிக்கும்போது பார்த்தேன், வெள்ளை விரிப்பைக் காணோம். அம்மாவிடம் கேட்டால், "அங்கதான் எங்கயாவது கிடக்கும்" என்கிறாள். அவள் தலைமுடியில் தைல வாசனை. நூலகத்துப் பின்னறையிலும் இதே வாசனைதான்.

பேய்க்குத் தைலம் எதற்கு? அதுவும் எங்கள் வீட்டு விரிப்பு எதற்கு?

பின்னறைக்குப் போய்ப் பார் என்கிறது மூளை. கால்தான் ஒத்துழைக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

போனேன். வீட்டுக்குப் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி, பின்கதவு வழியாக நுழைந்தேன். ஆவி இருந்தது. வெள்ளை விரிப்புக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டு, கரகரவென்று இழுத்து இழுத்து மூச்சு விட்டது. விரிப்பின் ஓரத்தில் எங்கள் வீட்டு நீலத் தையல்.

இழுத்தேன்.

அம்மா. முகமெல்லாம் சிவந்து, ஈரமாக. முன்னால் தைலம் விட்ட வெந்நீர்ப் பாத்திரம்.

"சத்தம் போடாத" என்றாள் முதலில். பிறகு, "புத்தகத் தூசி எனக்கு ஒத்துக்கலடி. இப்படி ஆவி பிடிச்சாதான் ராத்திரி மூச்சு விட முடியுது. நிரந்தரம் ஆக்க டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. தூசி ஆகாதவளுக்கு நூலகத்துல வேலை யாரு குடுப்பா? நிரந்தரம் ஆகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

தலையாட்டினேன். பாத்திரத்தை நான் தூக்கிக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பேயாகவே இருந்திருக்கலாம்.

நவம்பர் 13, வியாழன்

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். அம்மாவோடு நூலகத்துக்குப் போனேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். அலமாரிகளைப் பார்த்தார், அம்மாவைப் பாராட்டினார். "என்னம்மா, இங்க ஏதோ ஆவி இருக்காமே?" என்று சிரித்தார். அத்தோடு போயிருக்கும். டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"இருக்குங்க சார்! நான் மட்டுமா சொல்றேன்? ஏன் கதவு சாத்தியிருக்குன்னு கேட்டதுக்கு இந்தப் பெருக்குற அக்காவே சொல்லுச்சே, உள்ள ஆவி பிடிக்குதுன்னு!"

நூலகத்தைப் பெருக்கும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "யோவ், உன் காதுல என்ன பஞ்சா? ஆவி பிடிக்கிறாங்கன்னு சொன்னேன். சளிக்குப் பிடிக்கிற ஆவி! அதைப் போயி பேயாக்கிட்டியே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு பிடிச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். எனக்குத்தான் சளி" என்றேன். எப்படித்தான் வந்ததோ.

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு இருமல் வந்தது. அடக்கினாள். அடக்க அடக்க, நெஞ்சுக்குள்ளிருந்து அந்த விசில். அறை முழுக்கக் கேட்டது. நிற்கவே மாட்டேன் என்றது.

நின்றதும் அம்மா, வகுப்பில் தப்புச் செய்த பிள்ளைபோலக் கையைத் தூக்கினாள். "அவ இல்ல சார். ஆவி நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. டீ ஆறிப்போனது.

நவம்பர் 14, வெள்ளி

பெருக்கும் அக்கா வந்து வாசலில் நின்று அழுதாள். அம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "விடுக்கா. ஆவியை எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்?"

டிசம்பர் 1, திங்கள்

நூலகத்தை மூடவில்லை. பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அம்மாவின் நாற்காலியில் வேறொரு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். நிரந்தரப் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். தூசி இல்லாத வேலை ஏதாவது வந்தால் சொல்லியனுப்புவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். டாக்டர் மூச்சோடு உள்ளே இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் வாயாடி நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போகும்போது எங்கள் வீட்டு வழியாக வந்தாள். வாசலில் நின்றுகொண்டே கத்தினாள், "ஏய், நூலகத்துல பேயே இல்லையாம்டி! எங்க போச்சு?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா படுத்திருந்தாள். விசில் இல்லை.

"எங்க வீட்லதான் இருக்கு" என்றேன். "இப்பதான் தூங்குது. சத்தம் போடாத."