இணைப்பு மூன்று

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

வக்கீல் ஆபீசில் இப்போது இருப்பவர்கள்: நான், உன் அத்தான், வக்கீல், காகிதம் அடுக்கும் குமாஸ்தா. தம்பி இல்லை, அவன் மேல்தான் வழக்கு. நான் குடியிருக்கிற அப்பா வீட்டை, நம் இருவரையும் கேட்காமல் விற்க முன்பணம் வாங்கிவிட்டான்.

உன்னையும் எதிர்வாதி என்று போட்டிருக்கிறார்கள். பதறாதே. பங்குள்ள எல்லாரும் வழக்கில் இருக்க வேண்டுமாம். என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடாதவர் எதிர்ப்பக்கமாம். "என் தங்கச்சி எனக்கு எதிரியா?" என்றேன். "காகிதத்துல மட்டும்தாம்மா" என்றார் வக்கீல்.

சம்மனை நீ இருக்கிற நாட்டு மொழிக்கு மாற்றி, அரசாங்கம் வழியாக உன் வாசலுக்கே அனுப்புவார்களாம். யாராவது சீருடையில் வந்து நின்றால் பயந்துவிடாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சம்மன் கட்டுக்குள்ளேயே செருகிவிடுகிறேன், சேர்ந்தே வரட்டும்.

மாடி அறை நினைவிருக்கிறதா? அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் மூன்று பேரும் தூங்குவதுபோல் கிடப்போம். தம்பி மட்டும் ஓவராகக் குறட்டை விட்டு மாட்டிவைப்பான்.

சாமியிடம் முதலில் உன் பேரைத்தான் சொல்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

கோர்ட் கட்டுக்குள் கடிதம் வைப்பார்களா யாராவது? அதையும் வழக்குக் காகிதம் என்று நினைத்து, வரிக்கு வரி மொழிபெயர்த்து, வட்ட முத்திரை குத்திக் கொண்டுவந்தார் ஒரு பெரியவர். ஒவ்வொரு தாளும் என்னவென்று சொல்லித்தான் கொடுக்க வேண்டுமாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இணைப்பு மூன்று, சகோதரரின் குறட்டை பற்றியது" என்றார்.

எதிர்வாதி என்று படித்ததும் கசக்கி எறியப் போனேன், அக்கா. அடுத்த தாளில் சைக்கிள் மணி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார், என் வீட்டுத் தண்ணீரையே.

ஆனால் உனக்கும் தம்பிக்கும் நடுவே நான் வரமாட்டேன். என்னை விட்டுவிடு.

குட்டி

செப்டம்பர் 2

அன்புள்ள குட்டிக்கு,

உன்னை விடுவதற்கு இல்லை. கேள்.

சம்மன் கொண்டுவரும் கோர்ட் அமீனாவுக்கு இத்தனை மாதம் ஒளிந்து திரிந்த தம்பி, போன வாரம்தான் அதை வாங்கினான். குமாஸ்தா அவனுக்குப் போன சம்மன் கட்டுக்குள்ளும் என் கடிதத்துக்கு ஒரு நகல் சேர்த்திருக்கிறார். நேரே இங்கே வந்துவிட்டான். "குறட்டை விட்டேன்னு கோர்ட்டுக்கே எழுதிக் குடுத்திருக்கியேக்கா! ஜட்ஜு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"வீட்டை வித்தவன்னு நினைக்கறதவிட இது பரவாயில்லடா" என்றேன். சிரித்துவிட்டான். பிறகு மாடிக்குப் போனவன் வெகுநேரம் இறங்கவில்லை.

இறங்கி வந்து, "சின்னக்கா சொல்லட்டும். வீடு வேணும்னா முன்பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன். வேணாம்னா வித்துடலாம், நீயும் வழக்க வாபஸ் வாங்கிடணும்" என்றான். உன் அத்தான் வேண்டாமென்று கண்ஜாடை காட்டக் காட்ட, நான் சரி என்றுவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் சொன்ன சொல், இனி மாற்றமாட்டேன்.

நீ வேண்டாம் என்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். உன்மேல் வருத்தம் இருக்காது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இருக்கும், குட்டி. அதற்காக எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, உனக்குத் தோன்றுவதைச் சொல்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வாய்தா. அதற்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் போடு.

அக்கா