முதல் மனைவியின் பெயர்

செவன் ஹில்ஸ்

அப்பாவுக்கு,

உங்கள் அறுபதாவது பிறந்தநாள் அழைப்பிதழில் அச்சடித்த குடும்ப மரம் பார்த்தேன். உங்கள் மனைவியாக விமலா அன்ரி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் உங்களுக்காகக் காத்திருந்த அம்மா இல்லை. நானும் இல்லை.

போனில் கேட்டால், “அது முடிஞ்ச கதை பிள்ளை, விடு” என்கிறீர்கள்.

என் கணவரின் பூட்டன் போலந்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து கோதுமைப் பண்ணை வைத்தவர். ஊரில் அவர் கைவிட்ட முதல் மனைவி மரியன்னாவைப் பழைய தேவாலயப் பதிவேட்டில் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். மாமி அன்றே அவள் பெயரைத் தங்கள் குடும்ப மரத்தில் எழுதினார். மரியன்னா செத்து எண்பது வருடம். அம்மா உயிரோடு இருக்கிறார், அப்பா.

அவருக்கு விசா கிடைத்துவிட்டது. டண்டினொங்கில் உங்கள் பிறந்தநாள் விழா நடக்கும் மண்டபத்துக்குக் கூட்டி வருகிறேன். யாரென்று கேட்பவர்களுக்கு அவரே சொல்லட்டும்.

அம்மாவின் மகள்