சுறா எண்ணெய் மணக்கும் சிவப்புக் கார்

இஞ்சருங்கோ,

நேற்று உடுத்த சேலையை இன்று காலை கொடியில் போடும்போது மறுபடியும் அந்த மணம். சுறா எண்ணெய்! எவ்வளவு சவர்க்காரம் போட்டும் போகவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டே முகர்ந்து பார்த்தேன்.

தம்பலகாமத்தில் ஒரு நெல்லுக் கொட்டிலில் கிடந்த அந்தக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே. வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். கூரையில்லை, இரண்டே சீற். ஓட்டுகிறவர் இடத்தில் ஒரு கோழி அடை கிடந்தது. நான் விறகும் தேங்காயும் அடுக்கியிருந்த கராஜை அதற்கென்று காலி பண்ணினீர்கள்.

"பென்சன் எடுத்த வயதில உங்களுக்கு ஏன் இந்த விசர்?" என்று கத்தினேன்.

"ரெண்டு சீற்தானே, உம்மையும் என்னையும் தவிர ஒருத்தரும் ஏறேலாது" என்றீர்கள்.

துருவைச் சுரண்டி, சிவப்புப் பெயின்ற் அடித்து நிமிர்வதற்குள் கடல் காற்று மறுபடி அரிக்கத் தொடங்கிவிடும். ஒருநாள் மீன்பிடிக் கிராமமான சல்லிக்குப் போய், தோணிகளுக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத் தகரத்தோடு வாங்கி வந்து, காரின் அடிப்பக்கம் முழுக்கப் பூசினீர்கள். "தோணியையே உப்புத் தின்னேல்லை, இதைத் தின்னுமோ?" என்று பெருமை வேறு. விடிந்து பார்த்தால் தெருப் பூனையெல்லாம் எங்கள் கராஜில். நான் விளக்குமாற்றோடு நிற்க, காருக்கடியில் படுத்திருந்த உங்கள் நெஞ்சில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. "இஞ்ச பாரும், காரை விலைக்குக் கேட்டு ஆள் வந்திட்டுது!" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

"முதல் ஓட்டம் சல்லி அம்மனிட்டத்தான். நீர் பக்கத்தில இருக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எஞ்சின் இயங்கிவிட்டது. பிரேக் வேலை மட்டும்தான் மிச்சம். அதற்குள் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு உங்களில் சரியான கோபம். இப்போதும்தான்.

பிரேக் வேலையை மகன் லீவில் வந்து முடித்தான். "நான் ஓடுறன், நீங்கள் பக்கத்தில இருங்கோ அம்மா" என்றான். உங்கள் இடத்தில் இன்னொருவர் இருக்க, நான் பக்கத்தில் இருந்து போவதா? பெற்ற பிள்ளையென்றாலும் மனம் கேட்கவில்லை. காலமெல்லாம் ஸ்கூட்டரில் கந்தோர் வேலைக்குப் போய்வந்த நான், லேணர்ஸுக்குப் போய்க் கார் ஓடப் பழகினேன்.

நேற்றுத்தான் அந்த முதல் ஓட்டம். புறப்படும்போது மகன் குனிந்து, "சீற்றை முன்னுக்கு இழுப்பம், உங்களுக்குக் கிளச் எட்டாது" என்றான்.

"கை வைக்காதை! அப்பா வைச்ச இடத்திலயே இருக்கட்டும்."

முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டேன். எட்டியது. கேற்றடியில் சகுனத்துக்குச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துப் புறப்பட்டேன். மகன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். எனக்கென்று நீங்கள் வைத்திருந்த சீற் வெறுமையாகவே வந்தது.

சல்லியில் நிறுத்தியதுதான் தாமதம், காயப்போட்ட கருவாட்டை விட்டுவிட்டுப் பூனைகள் எங்கள் காரைச் சுற்றிக்கொண்டன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானதென்று தெரியவில்லை. அம்மனைக் கும்பிட இறங்கவே நேரமாயிற்று.

வீடு வந்ததும் தலையணையை மட்டும் உள்ளே எடுத்து வந்தேன். சீற் இன்னும் உங்கள் காலுக்கு அளவாகத்தான் இருக்கிறது.