தேன்மொழிக்கு இனி ஸ்வெட்டர் வேண்டாம்

பம்பாய்
14-7-1979

அன்புள்ள அத்தைக்கு கஸ்தூரி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி கம்மியானதா? தேன்மொழிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று எழுதியிருந்தீர்களே, ஆறிவிட்டதா? நான் சௌக்கியமாகவே இருக்கிறேன்.

இந்த வாரம் எங்கள் வியாபாரிகள் சங்க ஆபீசின் வருடாந்திரக் கூட்டம். அரசாங்கம் மனிதர்களை எவ்வளவு கம்மியாக ஆள்கிறதோ அவ்வளவு நல்லது என்று பெரியவர்கள் மூன்று நாள் பேசினார்கள். நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். டீ வேளையில் வேலூர்க்காரர் ஒருவர், "டெல்லியில மழை பெஞ்சா வேலூர்லயும் குடை பிடினு சட்டம் போடுவாங்கம்மா. நம்ம ஊர்ல வெயில் மண்டையைப் பொளக்குதுனு யார் போய்ச் சொல்றது?" என்று சிரித்தார்.

எனக்கு உங்கள் கடிதத்தின் வேர்க்குருதான் ஞாபகம் வந்தது. இங்கே கொட்டுகிற மழையைப் பார்த்துத்தானே, பெற்றவள் என்ற உரிமையில், குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுங்கள், தலைக்கு ஊற்றாதீர்கள் என்று எழுதினேன்! திருவண்ணாமலை வெயிலில் நீங்களும் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டீர்கள். "உனக்கு என்னாடி தெரியும்"னு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, அத்தை.

என் உத்தரவெல்லாம் இன்றோடு ரத்து. தினமும் தலைக்கு ஊற்றுங்கள், நான் வேண்டாமென்ற கோயில் யானையையும் கிட்டப் போய்க் காட்டுங்கள். எது நல்லதென்று பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஹாஸ்டலில் விளக்கணைக்கப் போகிறார்கள். அவருக்குத் தனியாக எழுதுகிறேன். அந்த ஸ்வெட்டரை மட்டும் துவைக்காமல் எனக்குப் பார்சலில் அனுப்புவீர்களா? இது உத்தரவு இல்லை, அத்தை.

உங்கள்
கஸ்தூரி